ஒரே ஆள், இரண்டு பெருவிரல் நகங்கள்: ஒரு நகச்சொத்தை நிகழ்வு ஆய்வு

நோயாளி 58 வயது ஆண். சிங்கப்பூரின் ஈசூனில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. துவாஸில் ஒரு சரக்குக் கிடங்கில் மேற்பார்வையாளர் வேலை. பதினோரு ஆண்டுகளாக நீரிழிவு. அதற்கு மெட்ஃபார்மின், கொழுப்புக்குச் சிம்வாஸ்டாட்டின், இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் சாப்பிடுகிறார். மூன்று மாதச் சராசரி இரத்தச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி அளவு, அண்மையில் 8.1 விழுக்காடு. புகைப் பழக்கம் இல்லை. ஆண்டுதோறும் செய்யப்படும் நீரிழிவுப் பாதப் பரிசோதனையில் தாதி ஒருவர் அவருடைய இரண்டு கால் பெருவிரல் நகங்களையும் பார்த்துவிட்டு, "நகம் தடித்துள்ளது, மருத்துவரிடம் காட்டவும்" என்று குறித்துக் கொடுத்திருந்தார். அந்தத் தாள் பல மாதம் பர்ஸுக்குள்ளேயே கிடந்தது. கடைசியில் மனைவிதான் கையைப் பிடித்து இழுத்து வந்தார். (நோயாளியின் ஒப்புதலோடு எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

"நகச்சொத்தைதானே டாக்டர், இதற்கெல்லாம் ஒரு தாளா?" என்றுதான் பேச்சையே தொடங்கினார்.

நகச்சொத்தை என்றால் நகத்தில் பூஞ்சை பிடிப்பது. அவர் சொன்னது பாதி சரி. வலது கால் நகத்துக்கு அது பொருந்தியது. இடது கால் நகத்துக்குப் பொருந்தவில்லை. இரண்டும் மஞ்சள், இரண்டும் தடிப்பு, இரண்டும் முனையில் தூக்கிக்கொண்டு நின்றன. காரணம் மட்டும் வேறு வேறு. நகக் கோளாறு என்று வருபவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குத்தான் பூஞ்சை காரணம் என்று தோல் மருத்துவ நூல்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருகின்றன. இருந்தும் மஞ்சள் நகத்தைக் கண்டதும் பூஞ்சை மருந்தை எடுத்து நீட்டும் வழக்கம் மருந்துக் கடையிலும் இருக்கிறது, மருத்துவர் அறையிலும் இருக்கிறது. இந்த மனிதரின் இரண்டு கால்களும் அந்த வழக்கத்துக்கு நல்ல பதிலாக அமைந்தன.

முன்கதை

வலது பெருவிரல் நகத்தின் முனையில், ஓரமாக, மூன்று ஆண்டுகளுக்கு முன்பு எள்ளளவு மஞ்சள் புள்ளி ஒன்று தோன்றியது. வலியில்லை, அரிப்பில்லை. அது மெல்ல உள்நோக்கி நகர்ந்தது. ஓராண்டு கழித்து இடது பெருவிரல் நகமும் முனையில் தூக்கத் தொடங்கியது. "வலதிலிருந்து இடதுக்குத் தாவிவிட்டது" என்று அவர் முடிவு செய்தார். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

வீட்டு மருத்துவம் எல்லாம் முடிந்திருந்தது. வினிகரில் கால் ஊறியிருக்கிறது, வேப்பெண்ணெயில் மஞ்சளைக் குழைத்துப் பூசியாகிவிட்டது. மஞ்சள் செய்த ஒரே வேலை, நகத்தின் உண்மையான நிறத்தை யாரும் கண்டுகொள்ளாதபடி செய்ததுதான். பிறகு ஒரு மருந்துக் கடையில் அமோரோல்ஃபின் என்ற பூஞ்சைக் கொல்லி நகப்பூச்சு வாங்கி, எட்டு மாதம் வாரந்தவறாமல் ஞாயிறு இரவுகளில் இரண்டு நகங்களுக்கும் பூசியிருக்கிறார். ஒழுங்கில் குறை சொல்ல முடியாது. ஆனால் பூசுவதற்கு முன் நகத்தை அரத்தால் தேய்த்து மெலிதாக்க வேண்டும் என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அந்தத் தடிப்பின் மேல் பூசிய மருந்து மேலேயே காய்ந்து நின்றுவிடும். தேய்த்துப் பூசினாலும், நகத்தில் பாதிக்கு மேல் பாதிக்கப்பட்டிருந்தாலோ வேர்ப்பகுதியை நோய் எட்டியிருந்தாலோ பூச்சு மட்டும் பெரிதாக எதையும் சாதிக்காது.

இன்னொரு தகவல், கேட்ட பிறகுதான் வந்தது. அதுவும் மனைவி வெளியே போன பிறகு. தொடை இடுக்கில் அரிப்பு இருக்கிறதா என்று கேட்டேன். தயங்கினார். இரண்டு ஆண்டுகளாகப் படர்தாமரை வந்து வந்து போகிறது. திருச்சியிலிருந்து உறவினர் வாங்கி வந்த களிம்பைத் தடவினால் இரண்டே நாளில் அடங்குகிறது, நிறுத்தினால் முன்னைவிட அகலமாக வருகிறது. மறுமுறை வரும்போது அந்த ட்யூபையும் எடுத்துவரச் சொன்னேன். ஒரே களிம்புக்குள் பூஞ்சைக் கொல்லி, நுண்ணுயிர்க் கொல்லி, அவற்றோடு குளோபெட்டசால் என்ற மிக வீரியமான ஸ்டீராய்டு. ஸ்டீராய்டு சிவப்பையும் அரிப்பையும் அடக்குகிறது. பூஞ்சை கீழே நிம்மதியாகப் பரவுகிறது. நம்மவர்களின் பயணப் பெட்டிகளில் முறுக்குக்கும் ஊறுகாய்க்கும் பக்கத்தில் இந்த ட்யூப்களும் சிங்கப்பூர் வந்து சேர்கின்றன. நகத்தைக் காட்ட வருபவரிடம் இடுக்கைப் பற்றிக் கேட்பது சங்கடம்தான். ஆனால் கால் நகம், கால் விரல் இடுக்கு, தொடை இடுக்கு மூன்றையும் பிடிப்பது பெரும்பாலும் ஒரே பூஞ்சைக் குடும்பம். காலில் இருப்பதை உள்ளாடை மாட்டும்போதே தொடைக்கு ஏற்றிவிட முடியும்.

வேலைக்கு இரும்பு மூக்கு வைத்த பாதுகாப்புக் காலணி, ஒரு நாளில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம். ஒரே ஜோடி. இரவெல்லாம் வாசலில் கிடந்தாலும் காலையில் உள்ளே ஈரம் இருக்கும். சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டும் ஊரில் தோல் காலணி ஓர் இரவில் காயாது. வார இறுதியில் கோயில் தொண்டூழியர்; அன்னதானக் கூடத்தைக் கழுவிவிடும் குழுவில் இருக்கிறார். தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்து, சிராங்கூன் சாலை சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் வரை வெறுங்காலோடு நடப்பவர். "கோயில் தரையில்தான் ஒட்டியிருக்கும் இல்லையா?" என்று மனைவி கேட்டார். பலர் மிதிக்கும் ஈரத் தரையில் பூஞ்சை ஒட்டுவது உண்மைதான். ஆனால் ஒட்டியது வளர்வதற்கு வேண்டிய சூட்டையும் ஈரத்தையும் இருட்டையும் கொடுப்பது மூடிய காலணி. வெறுங்காலை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்கு மனமில்லை.

காலைப் பார்த்தபோது

பெரும்பாலானோர் செருப்பிலிருந்து ஒரு விரலை மட்டும் வெளியே நீட்டுவார்கள். நகத்தை மட்டும் பார்த்தால் பாதிச் சேதிதான் கிடைக்கும். இரண்டு காலுறைகளையும் கழற்றி, பத்து விரல்கள், விரல் இடுக்குகள், உள்ளங்கால், குதிகால், பிறகு இரண்டு கைகள் என்று எல்லாவற்றையும் நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்.

வலது பெருவிரல். நகத்தின் முன்பாதியும் வெளி ஓரமும் கலங்கிய மஞ்சள், நடுவில் பழுப்பு. நகத் தட்டு அவ்வளவாகத் தடிக்கவில்லை. தடித்திருந்தது அதன் அடியில் சேர்ந்திருந்த படிவு. முனையை லேசாகத் தூக்கிச் சிறு கரண்டியால் சுரண்டியதும் உளுத்த மரத்தூள் போல உதிர்ந்தது. மட்கிய வாடை. பெரிதாக்கிக் காட்டும் தோல்நோக்கியை வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் தெளிவானது. நோயுள்ள பகுதி நல்ல பகுதியைச் சந்திக்கும் எல்லை நேர்கோடாக இல்லை. முன்னும் பின்னுமாக, கூர்கூரான முனைகளோடு வேர்ப்பக்கம் பாய்ந்திருந்தது. அந்த முனைகளிலிருந்து வெள்ளையும் மஞ்சளுமான மெல்லிய கோடுகள் நீளவாக்கில் ஓடின. பூஞ்சை நகத்தின் அடியில் புகுந்து, நகம் வளரும் திசைக்கு எதிராக, வழி கிடைக்கும் இடமெல்லாம் முன்னேறுவதால் எல்லை அப்படிக் குத்துக்குத்தாக அமைகிறது. ஒரு கோடு மட்டும் மற்றவற்றைவிட அடர்த்தியாக, வேருக்கு மூன்று மில்லிமீட்டர் தூரம் வரை போயிருந்தது. பூஞ்சை கட்டியாகத் திரண்டு கிடக்கும் இத்தகைய கோட்டுக்குள் மருந்து எளிதில் புகாது. அதைக் குறித்து வைத்துக்கொண்டேன்.

இடது பெருவிரல். தூரத்திலிருந்து பார்த்தால் இரட்டைப் பிள்ளை. கிட்டே போனால் குடும்பமே வேறு. நகம் முனையில் தூக்கியிருந்தது. ஆனால் அடியில் படிவு மிகக் குறைவு, கரண்டிக்கு ஒன்றும் சிக்கவில்லை. தூக்கிய பகுதிக்கும் ஒட்டிய பகுதிக்கும் நடுவே எல்லை நேராக, மழமழப்பாக இருந்தது. கூர்முனைகள் இல்லை, நீளக் கோடுகளும் இல்லை. நகத்தின் மேல் குறுக்குவாட்டில் இரண்டு மூன்று மேடுகள். தூக்கிய இடத்துக்குக் கீழே கருஞ்சிவப்பாக இரண்டு சிறு புள்ளிகள், உலர்ந்த இரத்தம். விரல் நுனியின் தோல் காய்த்துப் போயிருந்தது. மேலே தெரிந்த மஞ்சளில் ஒரு பங்கு அந்தப் பழைய மஞ்சள் பூச்சின் கறை; அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்ததும் போய்விட்டது.

தோலைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நகத்தைவிட அதுதான் தெளிவாகப் பேசியது. வலது உள்ளங்கால் முழுவதும் வறண்டு, ரேகைகளுக்குள் மட்டும் மாவு தூவியதாக வெள்ளைச் செதில். அவர் அதைப் பித்தவெடிப்பு என்று நினைத்து ஆண்டுக்கணக்காகத் தேங்காய் எண்ணெய் தடவிவந்திருக்கிறார். சாதாரண வறட்சி ரேகைகளைத் தேடிப் பிடித்து உட்காராது. நான்காம் ஐந்தாம் விரல்களுக்கு நடுவே தோல் வெளுத்து ஊறி, அடியில் ஒரு வெடிப்பு: சேற்றுப்புண். உள்ளங்கைகள் இரண்டும் சுத்தம். சிலருக்கு இரண்டு காலோடு ஒரு கையில் மட்டும் இதே செதில் இருக்கும். அதைக் கண்டால் பூஞ்சையைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டியதில்லை.

இடது உள்ளங்கால் நன்றாகவே இருந்தது. ஆனால் அங்கேயும் கடைசி விரல் இடுக்கில் லேசான சேற்றுப்புண். இதுதான் சிக்கலாக்கியது. பக்கத்திலேயே பூஞ்சை இருக்கும்போது, நகத்தில் இல்லை என்று எந்தத் தைரியத்தில் சொல்வது?

பாத நாடிகள் இரண்டும் நன்றாகத் துடித்தன. உணர்ச்சியைச் சோதிக்கும் 10 கிராம் நைலான் இழையால் தொட்ட இடங்களையெல்லாம் சரியாகச் சொன்னார். நீரிழிவு உள்ளவருக்கு இந்தப் பகுதி வெறும் சடங்கன்று. தடித்த நகம் இரும்பு மூக்குக் காலணிக்குள் நாள் முழுக்க அழுத்தி, அடியில் புண் வந்து, அதை உணர நரம்பும் இல்லாமல், ஆற்ற இரத்த ஓட்டமும் இல்லாமல் போனால் கதை வேறு திசையில் போகும். சேற்றுப்புண் வெடிப்பு வழியாகக் கிருமி புகுந்து முழங்கால் வரை சிவந்து வீங்கிப் படுத்தவர்களைச் சிங்கப்பூரின் எந்த மருத்துவமனை வார்டிலும் பார்க்கலாம். சுகாதார அமைச்சு 2016இல் நீரிழிவுக்கு எதிரான போரை அறிவித்தது. அந்தப் போர் பெரும்பாலும் சர்க்கரை, சோறு, இனிப்புப் பானம் என்றே மக்கள் காதில் விழுந்திருக்கிறது. கால் விரல் இடுக்கு அதில் அவ்வளவாக இடம்பெறவில்லை என்பது என் மனக்குறை.

வேறு என்னவாக இருக்கலாம்?

காளாஞ்சகப்படை என்ற சொரியாசிஸ் நகத்தில் வந்தால் பூஞ்சையை அப்படியே நடிக்கும்: தூக்கும், தடிக்கும், அடியில் படிவு சேரும். ஊசியால் குத்தியது போன்ற சிறு குழிகள், நகத்தடியில் எண்ணெய்ச் சொட்டு நிறத்தில் ஒரு திட்டு, கை நகங்களிலும் மாற்றம், முழங்கை முழங்கால் உச்சந்தலையில் செதில் ஆகியவற்றைத் தேட வேண்டும். இவருக்கு எதுவும் இல்லை. இரண்டும் சேர்ந்தே வருவதும் உண்டு என்பதால் சொரியாசிஸ் இருக்கிறது என்பதற்காகப் பூஞ்சைச் சோதனையை விட்டுவிடவும் முடியாது. லைக்கன் பிளேனஸ் என்ற தோல் நோய் நகத்தை மெலிதாக்கி நெடுக வரிவரியாகப் பிளக்கும். இங்கே அப்படி இல்லை. நகம் பச்சை நிறமானால் சூடோமோனாஸ் பாக்டீரியாவை நினைக்க வேண்டும். எப்போதும் தண்ணீரில் கை வைத்திருப்பவர்களுக்குத் தூக்கிய நகத்தின் அடியில் அது குடியேறும்.

இவருடைய கை நகங்கள் பலவற்றில் மெல்லிய பழுப்புக் கோடுகள் நெடுக ஓடின. நம் நிறத்தவருக்கு அது சாதாரணம், வயது ஏற ஏறக் கூடும். ஆனால் ஒரே ஒரு நகத்தில், புதிதாக, மூன்று மில்லிமீட்டருக்கு மேல் அகலமாக, வேர்ப்பக்கம் அகன்று முனைப்பக்கம் குறுகி, அல்லது நகத்தைத் தாண்டிச் சுற்றுத் தோலிலும் கருமை படர்ந்து இருந்தால், அது பூஞ்சையா என்று யோசித்துக்கொண்டு ஒரு வாரம்கூடக் கழிக்கக் கூடாது. கறுத்த தோல் உள்ளவர்களுக்கு மெலனோமா என்ற தோல் புற்றுநோய் வரும்போது அது விரும்பித் தேர்ந்தெடுக்கும் இடங்களில் நகத்தடியும் உள்ளங்காலும் அடக்கம். வெயில் படாத இடம் என்று அலட்சியம் செய்பவர்கள் நம்மில் அதிகம். இடது நகத்தடியில் நான் பார்த்த கருஞ்சிவப்புப் புள்ளிகளையும் அதனால்தான் படம் எடுத்து வைத்தேன். உலர்ந்த இரத்தமாக இருந்தால் நகத்தோடு சேர்ந்து முன்னோக்கி நகர்ந்து, பின்னால் தெளிந்த நகம் தெரிய வேண்டும். அடுத்த வருகையில் அப்படியே நகர்ந்திருந்தது.

சோதனை

"பார்த்தாலே தெரிகிறதே, எதற்கு ஆய்வுக்கூடம்?" என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. வலது நகத்தைப் பொறுத்தவரை நானும் ஏறத்தாழ உறுதியாகவே இருந்தேன். ஆனால் நான் எழுதவிருந்தது மூன்று மாத மாத்திரை. கல்லீரலைப் பார்த்துக்கொண்டு கொடுக்க வேண்டியது. அதைச் சந்தேகத்தின் பேரில் கொடுப்பதற்கில்லை.

மாதிரி எடுப்பதில்தான் பாதி வெற்றி. பூச்சு மருந்தை நிறுத்தி இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னேன். நகத்தை ஆல்கஹாலால் துடைத்து, தூக்கிய பகுதியைப் பின்னோக்கி வெட்டி, முனையில் முதலில் உதிர்ந்த தூளை ஒதுக்கிவிட்டேன். அங்கே இருப்பது செத்த பூஞ்சையும் தெருத் தூசியும்தான். நோயும் நல்ல நகமும் சந்திக்கும் எல்லைக்கு அருகில், அடிப்பக்கத்திலிருந்து சுரண்டியதுதான் உயிருள்ள மாதிரி. இரண்டு கால்களுக்கும் தனித்தனிக் கரண்டி, தனித்தனி உறை. வெட்டிய நகத் துண்டுகளையும் திசுச் சோதனைக்கென்று எடுத்து வைத்தேன்.

வலது: பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஊறவைத்துப் பார்த்தபோது கிளைவிட்ட, குறுக்குச் சுவர் உள்ள பூஞ்சை இழைகள். மாதிரியிலுள்ள பூஞ்சையை ஆய்வுக்கூடத்தில் வளர்த்துப் பார்க்கும் வளர்ப்புச் சோதனையில் டிரைக்கோஃபைட்டான் ரூப்ரம். உலகெங்கும் கால் நகத்தில் அதிகம் பிடிபடும் இனம் இதுவே. இடது: இழை இல்லை, வளர்ச்சியும் இல்லை.

இங்கே அவசரப்பட்டு இடது நகத்துக்கு நற்சான்று கொடுத்துவிடக் கூடாது. வளர்ப்புச் சோதனை உண்மையான பூஞ்சை நோயாளிகளில் மூன்றில் ஒருவரைக்கூடத் தவறவிடலாம். வெப்பமண்டலத்தில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. நியோசைட்டாலிடியம் என்ற மண்ணில் வாழும் கறுப்புப் பூஞ்சை, நம் பக்கத்து நாடுகளில் கால் நகத்தையும் உள்ளங்காலையும் ரூப்ரம் போலவே தாக்கும். ஆய்வுக்கூடங்கள் தேவையற்ற பூசணம் வளராமலிருக்க, பூஞ்சையை வளர்க்கும் ஊடகத்தில் சைக்ளோஹெக்சிமைடு சேர்ப்பது வழக்கம். அந்த மருந்து இந்தப் பூஞ்சையையும் கொன்றுவிடும். ஆகவே அது கலக்காத ஊடகத்திலும் வளர்த்துப் பாருங்கள் என்று கோரிக்கைத் தாளில் எழுத வேண்டும். இடது நகத்துக்கு இரண்டாம் முறை மாதிரி எடுத்து அப்படி எழுதி அனுப்பினேன். நகத் துண்டைப் பூஞ்சையை நிறமேற்றிக் காட்டும் பிஏஎஸ் சாயமிட்டுப் பார்க்கும் திசுச் சோதனையும் செய்யப்பட்டது. வளர்ப்பைவிட அது அதிகம் பிடிக்கும். எல்லாமே எதிர்மறை. மூன்று வழியிலும் கிடைக்காத பிறகுதான் "இடது நகத்தில் பூஞ்சை இருப்பதற்கு ஆதாரமில்லை" என்று குறிப்பில் எழுதினேன்.

காரணம் காலணியில் இருந்தது. மாலையில் வேலை முடிந்து வந்த நேரத்தில் இரண்டு பாதங்களையும் தாளில் நிற்க வைத்து வரைந்து அளந்தேன். இடது பாதம் வலதைவிட நான்கு மில்லிமீட்டர் நீளம். காலணி வலது காலுக்குப் போட்டுப் பார்த்து எடுத்தது. போதாததற்குக் கயிற்றைத் தளர்த்திக் கட்டும் பழக்கம். குனிந்து அவிழ்க்க வேண்டியதில்லையாம், அப்படியே கழற்றிவிடலாமாம். தளர்ந்த காலணிக்குள் பாதம் ஒவ்வோர் அடிக்கும் முன்னால் சறுக்கி, இடது பெருவிரல் நகம் இரும்பு மூக்கில் இடித்துக்கொண்டே இருந்திருக்கிறது.

சிகிச்சை

கால் நகப் பூஞ்சைக்கு முதல் தேர்வு டெர்பினாஃபின் 250 மில்லிகிராம், தினம் ஒன்று, 12 வாரம். இன்னொரு மருந்தான இட்ராகொனசோலை மாதம் ஒரு வாரம் என்று விட்டுவிட்டுக் கொடுப்பது சிலருக்கு வசதி. ஆனால் சிம்வாஸ்டாட்டின் சாப்பிடுபவருக்கு அதைக் கொடுக்கவே கூடாது. சிம்வாஸ்டாட்டின் அளவு இரத்தத்தில் எகிறித் தசை சிதையும் ஆபத்து உண்டு. இதயம் பலவீனமானவர்களுக்கும் அது ஆகாது. இவருடைய கல்லீரல், சிறுநீரகச் சோதனைகள் சரியாக இருந்தன. சனிக்கிழமை பீரைச் சிகிச்சை முடியும்வரை தள்ளிவைக்கச் சொன்னேன். முகம் சுருங்கியது, ஆனால் ஒப்புக்கொண்டார். பசியின்மை, சிறுநீர் கறுத்துப் போதல், கண் மஞ்சளாதல், நாக்கில் சுவை கெடுதல் ஆகியவற்றில் எது வந்தாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு வர வேண்டும் என்றேன். "சுவை போய்விடுமா?" என்று கேட்டது அவரல்லர், மனைவி. சிலருக்குப் போகும், பெரும்பாலும் திரும்பி வரும், வர மாதக்கணக்கிலும் ஆகலாம் என்று உள்ளதைச் சொன்னேன்.

எதிர்பார்ப்பையும் முன்னதாகவே பேசிவிட்டோம். டெர்பினாஃபின் சோதனைகளில் பூஞ்சை ஒழிந்தது ஏறத்தாழ 70 விழுக்காட்டினருக்கு. பூஞ்சையும் ஒழிந்து நகமும் முழுக்கப் பழையபடி ஆனது 38 விழுக்காட்டினருக்கு மட்டும். கால் நகம் மாதத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர் அளவில்தான் வளரும். பெருவிரல் நகம் முழுதாகப் புதுப்பிக்க ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு பிடிக்கும். மாத்திரை முடியும் நாளில் நகம் அழகாக இருக்காது. இதைச் சொல்லாமல் விட்டால் மூன்றாம் மாதம் "மருந்து வேலை செய்யவில்லை" என்று வேறு கடைக்குப் போய்விடுவார்கள்.

வலது நகத்தின் அந்த அடர்ந்த மஞ்சள் கோட்டை வெட்டித் திறந்து, அடிப் படிவைச் சுரண்டி எடுத்தேன். விரல் இடுக்குக்கும் உள்ளங்காலுக்கும் தொடைக்கும் டெர்பினாஃபின் களிம்பு. திருச்சி ட்யூப் குப்பைத் தொட்டிக்குப் போயிற்று. இந்தியாவிலிருந்து பரவியிருக்கும் டிரைக்கோஃபைட்டான் இன்டோட்டினியே என்ற இனம் டெர்பினாஃபினுக்குப் பல சமயம் மசிவதில்லை என்பதால் தொடையிலிருந்தும் மாதிரி அனுப்பினேன். அங்கேயும் ரூப்ரம்தான் வந்தது. இரண்டாவது ஜோடி காலணி வாங்கி நாள் மாற்றி நாள் அணியவும், வீட்டில் எல்லாரும் பகிர்ந்துகொண்டிருந்த ஒரே நகவெட்டியை விட்டுவிட்டு இவருக்குத் தனியாக ஒன்று வைத்துக்கொள்ளவும் சொன்னேன். நகவெட்டி உடனே வாங்கப்பட்டது. காலணி வாங்கப்படவில்லை.

பின்தொடர்தல்

மாத்திரை தொடங்கிய அன்று இரண்டு நகங்களிலும் நோயின் பின் எல்லையில் அரத்தால் குறுக்கே ஒரு மெல்லிய கீறல் போட்டுவைத்திருந்தேன். செலவில்லாத அளவுகோல். நகம் வளர வளரக் கீறல் முன்னே போகும். மருந்து வேலை செய்தால் கீறலுக்குப் பின்னால் தெளிந்த நகம் வரும்; நோய் கீறலைத் தாண்டிப் பின்னால் வந்தால் மருந்து தோற்றுக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

மூன்றாம் மாதம் வலது நகத்தில் கீறலுக்குப் பின்னால் நான்கு மில்லிமீட்டர் இளஞ்சிவப்பு நகம், குறையே இல்லாமல். உள்ளங்கால் செதில் மறைந்துவிட்டது. ஆண்டுக்கணக்கில் தேங்காய் எண்ணெய்க்கு அடங்காத வறட்சி மூன்றே வாரத்தில் போனதை அவரே வியந்து சொன்னார். இடது நகத்தில் கீறல் அதே தூரம் முன்னே போயிருந்தது. ஆனால் நகம் தூக்கத் தொடங்கும் எல்லை, வேரிலிருந்து முன்பு இருந்த அதே தூரத்தில் அசையாமல் நின்றது. புதிதாக வந்த நகமும் அந்த இடத்தை அடைந்ததும் தூக்கிக்கொண்டது. 12 வாரம் முழுக்க மாத்திரை அதே இரத்தத்தில் அதே நகத்துக்கும் போயிருக்கிறது. பூஞ்சையாக இருந்திருந்தால் ஒரு மில்லிமீட்டராவது பின்வாங்கியிருக்கும். ஆய்வுக்கூடத்தின் மூன்று எதிர்மறைகளைவிட அந்தக் கீறல் எனக்கு அதிகம் சொன்னது. பழைய காலணியை அவர் மாற்றவே இல்லை என்பது நல்லதாய்ப் போயிற்று என்று மருத்துவர் சொல்லக் கூடாது. ஆனால் மருந்தும் காலணியும் ஒரே நாளில் மாறியிருந்தால் எது எதைக் குணப்படுத்தியது என்று பிரித்திருக்கவே முடியாது.

"அண்ணே, இந்தக் காலுக்கு மருந்து என்னிடம் இல்லை, காலணிக் கடையில்தான் இருக்கிறது" என்றேன். அடுத்த வாரமே இடது காலுக்கு அளவெடுத்து, விரலுக்கு முன்னால் ஒரு பெருவிரல் அகலம் இடம் விட்டு, அகல மூக்குள்ள பாதுகாப்புக் காலணி இரண்டு ஜோடி வந்தன. கயிறும் இறுக்கிக் கட்டப்பட்டது.

ஆறாம் மாதம் இடது நகத்தின் தூக்கிய எல்லை முதன்முறையாக முன்னே நகர்ந்திருந்தது. பன்னிரண்டாம் மாதம் அது முழுக்க ஒட்டி, குறுக்கு மேடுகள் முனைக்குப் போய் வெட்டுப்பட்டுவிட்டன. வலது நகத்தில் வெளி மூலையில் இரண்டு மில்லிமீட்டர் தடிப்பு மட்டும் மிச்சம். அதிலிருந்து எடுத்த மாதிரியில் பூஞ்சை இல்லை. அது இனி மாறாமல் போகலாம், பரவாயில்லை. திரும்பி வரும் வாய்ப்பு நகப் பூஞ்சையில் எப்போதும் கணிசமாக இருப்பதால், விரல் இடுக்கில் மறுபடி வெளுப்பு தெரிந்தால் உடனே களிம்பு, வாரம் ஒருமுறை வலது நகத்துக்கு, இப்போது அரத்தால் தேய்த்துவிட்டு, பூச்சு. எச்பிஏ1சி 7.4க்கு இறங்கியிருக்கிறது. தைப்பூசத்துக்கு நடக்கலாமா என்று கேட்டார். தோலில் வெடிப்பில்லை, உணர்ச்சி சரியாக இருக்கிறது. நடக்கலாம், முடிந்ததும் காலைக் கழுவி இடுக்குகளைத் துடைத்து உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள் என்றேன்.

வீட்டிலுள்ளவர்களையும் பார்க்க வேண்டும் என்று முதல் நாளே கேட்டிருந்தேன். ரூப்ரம் குடும்பத்துக்குள் சுற்றும். தேசிய சேவையில் இருக்கும் மகனுக்குச் சேற்றுப்புண் இருந்தது, களிம்பில் சரியானது. மனைவி மட்டும் பல மாதம் பிடிகொடுக்கவில்லை. கால் விரல்களில் எப்போதும் அடர்சிவப்பு நகச்சாயம். உறவில் ஒரு திருமணம், பிறகு தீபாவளி என்று கழற்ற நாள் வரவில்லை. மருதாணியாக இருந்தால் கறை நகத்தோடு வளர்ந்து நேர்கோடாக முன்னே போகும், அடியில் இருப்பதை ஓரளவு ஊகிக்கலாம். சாயம் எதையும் காட்டாது. கடைசியில் கழற்றிக்கொண்டு வந்தபோது மூன்று நகங்களின் மேற்பரப்பில் சுண்ணாம்புத் தூள் போன்ற வெள்ளைத் திட்டுகள். நகத்தின் மேலடுக்கில் வளரும் வெள்ளைப் பூஞ்சையும் இப்படித்தான் இருக்கும். சுரண்டி அனுப்பினேன். இழை இல்லை. இடைவிடாத சாயமும் அதைக் கழற்றும் திரவமும் நகத்தின் மேலடுக்கை உரித்ததால் வந்த வெறும் வெளுப்பு. மருந்து எதுவும் எழுதவில்லை. சாயமில்லாமல் சில மாதம் விடச் சொல்லியிருக்கிறேன். அடுத்த வளைகாப்பு எப்போது என்று கணக்குப் போட்டுக்கொண்டே போனார்.